பருவகாலத் தும்மல்: தேனா, உப்பு நீரா?

மார்கழி பிறந்துவிட்டால் சில வீடுகளில் விடியற்காலைக் கோலத்தோடு தும்மலும் தொடங்கிவிடும். எண்ணத் தொடங்கினால் பதினைந்தில்கூட நிற்காது. மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், அண்ணம் நமைக்கும். ஆனால் உடம்பு சுடாது. சாதாரண ஜலதோஷம் என்றால் ஒரு வாரம் பத்து நாளில் விட்டுவிடும். இதுவோ வாரக்கணக்கில் நீடித்து, பின்பு வந்த சுவடு தெரியாமல் மறைந்து, மறு ஆண்டு அதே பருவத்தில் திரும்பி வரும். இதனையே பருவகால ஒவ்வாமை என்கிறோம்.

இதற்குக் கைவைத்தியம் சொல்லாதவர் கிடையாது. தேன், மஞ்சள் பால், துளசிச் சாறு, ஆவி பிடித்தல், உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றுள் எது பலன் தரும், எது தராது? இதனை அறிய, தும்மலை உண்டாக்குவது எது, அது உடலில் எங்கே வந்து படிகிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் 1819-ஆம் ஆண்டில், மருத்துவர்கள் கூடிய சபையில் ஒரு நோயாளியின் வரலாற்றைப் படித்தார். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அந்த நோயாளியின் கண்ணும் மூக்கும் படும் பாட்டை விரிவாக எடுத்துரைத்தார். நோயாளி வேறு யாருமில்லை, அவரேதான்! கோடை வெப்பமே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். ஊராரோ அறுத்து உலர்த்திய புல்லின் மேல் பழி போட்டு, 'வைக்கோல் காய்ச்சல்' என்று பெயரிட்டார்கள்.

உண்மையான குற்றவாளியைப் பிடித்தவர் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் இதே தொல்லை உண்டு. பல வகைப் புற்களின் மகரந்தத்தைச் சேகரித்துத் தம் மூக்கிலேயே இட்டுப் பார்த்தார். தோலைக் கீறி அதன்மேல் வைத்துப் பார்த்தார். மூக்கு ஒழுகியது, தோல் தடித்தது. அத்துடன் நிற்கவில்லை. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் எத்தனை மகரந்தத் துகள்கள் படிகின்றன என்று நுண்பெருக்கியில் எண்ணினார். காற்றாடிகளில் தகடுகளைக் கட்டி மேலே அனுப்பியும் சோதித்தார். துகள்கள் பெருகும் நாட்களில் தம் தொல்லையும் பெருகுவதைக் கண்டார். இவற்றையெல்லாம் தொகுத்து 1873-இல் நூலாக வெளியிட்டார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறமும் மணமும் உள்ள பூக்கள் பெரும்பாலும் பூச்சிகளை நம்பி வாழ்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது; காற்றில் அதிகம் பறப்பதில்லை. நம்மை வதைப்பவை காற்றை நம்பி மகரந்தத்தைத் தூவும் புற்களும் சில மரங்களும் களைகளுமே. புல் மகரந்தத் துகள் ஒன்று ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். மல்லிகைச் செடியின்மேல் பழி சொல்லி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேலிக்கு வெளியே பூத்து நிற்கும் புல்லை விட்டுவிடுகிறோம்.

மூச்சுடன் உள்ளே வந்த துகள் மூக்கின் ஈரமான உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து புரதங்கள் கரைந்து வெளிவருகின்றன. ஒவ்வாமை உள்ளவரின் உடல் இவற்றைப் பகைவன் என்று தவறாக எண்ணி, ஒரு தனிவகை எதிர்ப்பொருளை முன்பே உண்டாக்கி வைத்திருக்கிறது. ஐ.ஜி.ஈ. எனப்படும் இதனை 1966-இல் இஷிசாகா என்னும் ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதியர் கண்டறிந்தனர். சவ்வில் உள்ள மாஸ்ட் செல்கள் இந்த எதிர்ப்பொருளைத் தம்மேல் பொருத்திக்கொண்டு, வெடிக்கத் தயாரான மத்தாப்புப் போலக் காத்திருக்கின்றன. புரதம் வந்து தொட்டதும் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் கொட்டுகிறது. தும்மலும் நீரொழுக்கும் அரிப்பும் அதன் விளைவுகளே.

இனித் தேனை எடுத்துக்கொள்வோம். உள்ளூர்த் தேனில் உள்ளூர் மகரந்தம் இருக்கிறது. அதைச் சிறிது சிறிதாக உண்டால் உடல் பழகிவிடும் என்பது வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் தேனீ தேடிப் போவது பெரும்பாலும் பூச்சிகளுக்காகப் பூக்கும் மலர்களை. தொல்லை தருவதோ காற்றில் பறக்கும் மகரந்தம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 36 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து இதைச் சோதித்து, முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உள்ளூர்த் தேன், மற்றொன்றுக்கு வெளியூர்த் தேன், மூன்றாவதற்குத் தேன் மணம் ஊட்டிய சோளப் பாகு. தேன் குடித்தவர்களுக்குப் பாகு குடித்தவர்களைவிட எந்த நன்மையும் இல்லை. மலேசியாவில் 40 பேரிடம் நடந்த ஆய்வில் தேன் பலன் தந்ததாகத் தெரிகிறது. ஆனால் அங்கே அவர்கள் ஒவ்வாமை மாத்திரையையும் சேர்த்து உண்டார்கள். தேனின் அளவோ உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம். ஐம்பது கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் 50 கிராம் தேன் குடிக்க வேண்டும்! நீரிழிவுக்காரர் நினைத்துப் பார்க்கவும் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கோ தேனே ஆகாது.

'எனக்குக் குணமாயிற்றே' என்று சிலர் கேட்கலாம். பருவம் முடிந்தால் தும்மலும் தானே முடியும். மனத்தின் பங்கும் சிறிதல்ல. பால்டிமோர் நகர மருத்துவர் ஜான் மெக்கென்சி, ரோஜா அருகில் வந்தாலே தும்மும் ஒரு பெண்மணியின் முன் செயற்கை ரோஜா ஒன்றைக் காட்டினார். அதற்கும் அவர் தும்மினார்! இது 1886-இல் வெளியான செய்தி.

மஞ்சள் பாலும் துளசிக் கஷாயமும் தொண்டைக்கு இதமளிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆவி பிடித்தல் சற்று நேரம் சுகம் தரலாம், ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் பலர்.

உப்பு நீரின் கதை வேறு. அது துகளையும் ஹிஸ்டமின் கலந்த சளியையும் அவை இருக்கும் இடத்திலேயே கழுவி வெளியேற்றுகிறது. யோகப் பயிற்சியாளர்கள் ஜல நேதி என்று சொல்வது இதைத்தான். மொத்தம் 747 பேர் பங்குகொண்ட 14 ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது, மூக்கைக் கழுவியவர்களுக்குத் தொல்லை குறைவதாகவே தெரிந்தது. ஆய்வுகள் சிறியவை, ஆகவே அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் செலவு உப்பின் விலைதான்.

பச்சைத் தண்ணீர் மூக்கில் ஏறினால் எரிகிறது, அல்லவா? சவ்வூடு பரவல் முறையில் நீர் செல்களுக்குள் புகுவதே காரணம். உப்பின் அளவு நம் குருதிக்கு ஒத்ததாக இருந்தால் எரியாது. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது வழித்தெடுத்த ஒன்றரைத் தேக்கரண்டித் தூள் உப்பு. அழுக்குள்ள கல்லுப்பு வேண்டாம். ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி, மேல் நாசியில் கெண்டியால் மெல்ல ஊற்றினால் கீழ் நாசி வழியாக வெளியேறும். பிறகு மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது. நீர் காதுப் பக்கம் ஏறிவிடும். காதில் சீழ் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே பயன்படுத்தாதீர்கள். நெக்லீரியா என்னும் அமீபா நன்னீரில் வாழ்வது. அதை விழுங்கினால் தீங்கில்லை; மூக்கில் ஏறினால் மணம் அறியும் நரம்பின் வழியே மூளைக்குள் போய்விடும். அப்படி நோய் கண்டவர்களில் பிழைத்தவர் மிகச் சிலரே. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. ஆகவே நீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, வெதுவெதுப்பாகப் பயன்படுத்துங்கள். கெண்டியையும் கழுவி உலர்த்துங்கள்.

கழுவுவதற்கு முன்பே துகளைத் தடுத்தால் இன்னும் நல்லது. வெளியில் செல்கையில் முகக்கவசம், வீடு திரும்பியதும் முகம் கழுவி உடை மாற்றுதல், படுக்கைத் துணிகளை வெளியில் உலர்த்தாதிருத்தல் ஆகியவை எளியவை. இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மாத்திரையும் மூக்கில் தெளிக்கும் மருந்தும் இருக்கின்றன. மூச்சில் விசில் போன்ற ஒலி, இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை கண்டால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். கைவைத்தியத்தில் நாட்கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தெருவோரக் களைகளையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பார்த்தீனியம் 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டு, இன்று தமிழகமெங்கும் பரவிக் கிடக்கிறது. தும்மலையும் தோல் அரிப்பையும் ஒருங்கே தருவது இது. வெள்ளைப் பூ தோன்றுவதற்கு முன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலையில் இறங்கக் கூடாது. இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றை 1984-இல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்துச் செடிகளிலும் அதைக் காணலாம்: வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகளுடன், சிறுவிரல் நகத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். கண்டால் அதை நசுக்கிவிடாதீர்கள்.