நடுச்சாமத்துச் செய்தி

புல்மோட்டை வீதியிலுள்ள நமது திரியாயில் இரவு ஒன்பதுக்கெல்லாம் சந்தடி ஓய்ந்துவிடும். வீட்டுக்குள்ளே கைப்பேசி வெளிச்சம் மட்டும் அணைவதில்லை. யுத்த காலத்தில் வானொலிச் செய்திக்கு நேரமிருந்தது. முடிந்ததும் பெட்டியை மூடிவிட்டுப் படுத்தோம். இன்றைய செய்திக்கு முடிவே கிடையாது.

2018 பெப்ரவரி 26 இரவை மறந்திருக்கமாட்டீர்கள். அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று தெரியவந்தது. அதற்குள் காணொளி நாடெங்கும் போய்விட்டது. அடுத்த மாதமே திகன எரிந்தது. மார்ச் 7 முதல் ஒரு வாரமளவில் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் முடக்கியது. பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்ததோ 2020 மே மாதத்தில்!

கல் விழாத ஊர்களிலும் எத்தனை தாய்மார் தூங்காதிருந்தார்கள்! எரியும் கடையைப் பத்துத் தடவை பார்த்தால் நெஞ்சு படபடக்காதா? 2013இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பின் ஆய்வு செய்தார்கள். அந்த வாரம் தினமும் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல் செய்தி பார்த்தவர்களிடம், சம்பவ இடத்தில் நின்றவர்களைவிடக் கூடுதலான மன உளைச்சல் காணப்பட்டது.

செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தை, அனுப்புகிறவனுக்கு மட்டும் உரிய பாடமாக்கிவிட்டோம். பார்த்து நடுங்குகிறவருக்கு அதில் பங்கில்லையா?

பயமூட்டும் காணொளி வந்தால், அந்த ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அழைப்பெடுத்துக் கேளுங்கள். இரவில் கைப்பேசியை மண்டபத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். உண்மையான அவசரமென்றால் மணி அடிக்கும்.