காருக்கு ஆறு ஏக்கர், உழவருக்கு ஒரு பஸ்

சேர்வராயன் மலையை 'ஏழைகளின் ஊட்டி' என்று சொல்வார்கள். இப்போது சனி, ஞாயிறுகளில் வந்து பாருங்கள். ஏற்காடு ஏரியைச் சுற்றி ஏழை நிற்கவும் இடமில்லை, எல்லாம் கார். மே மாதக் கோடை விழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நகராது. கரடியூர், நாகலூர், மாரமங்கலம் பக்கமிருந்து ஆரஞ்சோ, மிளகோ, பலாவோ சேலத்துக்கு இறக்க நினைக்கும் உழவர், அதே நெரிசலில்தான் வாடகை வண்டிக்குக் காசு கொடுத்து நிற்கிறார்.

'இயற்கை விவசாயப் பத்திரிகையில் போக்குவரத்துக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். மண்ணுக்கு உரம் போடாமல் விளைவிக்கிறோம், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவில் பாதி லாபம் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய சங்கதி, காருக்கு இடம் ஒதுக்கினால் அது எங்கிருந்து வரும்? நம்ம நிலத்திலிருந்துதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கார் நிற்கவும், திருப்பி எடுக்கவும் சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். ஆயிரம் கார் என்றால் 25,000 சதுர மீட்டர். ஏக்கரில் சொன்னால் ஆறுக்கும் மேல். மலையில் ஆறு ஏக்கர் சமதளம் சும்மா கிடக்குமா? சரிவை வெட்டணும், நிழல் மரத்தைச் சாய்க்கணும், காபித் தோட்டத்தை அழிக்கணும். வெட்டின இடத்தில் மழைத்தண்ணி இறங்காது, ஓடும். ஓடுகிற தண்ணி கீழே இருக்கிறவன் வயலைத்தான் அரிக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் பார்த்தோமே.

அந்த ஆயிரம் காரில் வருகிறவர்கள் எத்தனை பேர்? காருக்கு மூன்றரை பேர் என்று வைத்தால் 3,500 பேர். அவர்களை 50 பேர் உட்காரும் பஸ்ஸில் ஏற்றினால் 70 நடை. ஒரு பஸ் நாளைக்கு மூன்று தடவை மலை ஏறினால் 24 பஸ் போதும். ஆயிரம் வண்டி எங்கே, 24 வண்டி எங்கே!

ரோட்டுக்குப் போடும் யூரியா

நெரிசல் என்றதும் முதலில் வருகிற யோசனை ரோட்டை அகலப்படுத்துவது. நமக்கு இது பழகிய கதைதான். யூரியா போட்டால் முதல் வருஷம் பயிர் கருகருவென்று வரும். அடுத்த வருஷம் அதே விளைச்சலுக்கு ஒன்றரை மூட்டை கேட்கும். அதன் பிறகு இரண்டு மூட்டை. ரோடும் அப்படித்தான். அகலப்படுத்தினால் கொஞ்ச நாள் வழி காலியாக இருக்கும். 'இப்பதான் ரோடு நல்லா இருக்கே' என்று இதுவரை பஸ்ஸில் வந்தவரும் காரில் வருவார். பஸ்ஸில் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் நடையைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் மிச்சம் இருப்பவரும் கடன் வாங்கி வண்டி வாங்குவார். கடைசியில் வண்டி இல்லாதவர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு வயசான அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை, கூலி உழவர்.

கார் வாங்கியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது என்ற நிலையில் யாராக இருந்தாலும் வண்டிதான் வாங்குவார்கள். இது ஊரைத் திட்டமிடுகிற விதத்தில் உள்ள கோளாறு.

நீலகிரியும் கொடைக்கானலும்

சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருகின்றன என்ற கணக்கு 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. ஏப்ரல் 29 அன்று நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. முதலில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை வரம்பும் வந்தது. ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டி, அரசு பஸ், ரயில், விளைபொருள் ஏற்றும் வண்டி இவற்றுக்கு விலக்கு. இந்தக் கடைசி வரியை உழவர்கள் நன்றாக மனதில் வைக்கணும்.

நீலகிரியில் வியாபாரிகள் ஏப்ரல் 2 அன்று கடையடைத்து எதிர்த்தார்கள். 'டூரிஸ்ட் வந்தாதானே மலையில பொழப்பு?' என்ற கேள்வி நியாயமானது. வரம்பு மட்டும் போட்டுவிட்டு மாற்று வழி செய்யாவிட்டால் அந்தப் பயம் தீராது. ஆனால் நமக்கு வேண்டியது மனிதர் வருவது. காரும் கூடவே மேலே வரணும் என்று என்ன கட்டாயம்? பஸ்ஸில் இறங்கி நடக்கிறவர்தான் ரோட்டோரக் கூடையில் வெண்ணெய்ப்பழம் இருப்பதைப் பார்த்து நின்று விலை கேட்பார்.

மற்றவர்கள் செய்து பார்த்தது

மும்பைக்குப் பக்கத்தில் உள்ள மாத்தேரானில் வெளி வண்டிகள் தஸ்தூரி என்ற இடத்தோடு நிறுத்தப்படுகின்றன. அதற்கு மேலே நடை, குதிரை, 1907-லிருந்து இருக்கும் மலை ரயில். கார் இல்லாததால் ஊர் அழியவில்லை. ஆனால் அங்கே ஒரு குறையும் உண்டு. ஆளையும் சுமையையும் மனிதர் கையால் இழுக்கிற ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அது மனித மாண்புக்கு எதிரானது என்று சொல்லி, ஆறு மாதத்தில் அதை ஒழித்து மின் ரிக்‌ஷா கொண்டுவர உத்தரவிட்டது. காரை நிறுத்தினால் மட்டும் போதாது, சுமை எப்படிப் போகும் என்பதையும் சேர்த்தே திட்டமிடணும்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் மலையூரிலும் வெளியூர்க் கார் நுழையாது. ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில் ஏறுகிறார்கள். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-லிருந்து பஸ்ஸுக்குத் தனி வழி விட்டு, அந்த வழியை ஒட்டியே வீடும் கடையும் வளரும்படி திட்டமிட்டது. அதே ஊரில் 1991-இல் இன்னொரு காரியம் செய்தார்கள். சுற்றுவட்டாரச் சிறு உழவர்களிடம் மிஞ்சிய காய்கறியை நகராட்சி வாங்கி, குப்பையைப் பிரித்துக் கொண்டுவரும் ஏழை மக்களுக்குக் கொடுத்தது. ஊர்த் திட்டம் என்றால் உழவரும் அதில் உண்டு.

ஏற்காட்டுக்கு என்ன கேட்கலாம்?

வயலில் தண்ணியை மேட்டிலேயே நிறுத்தணும் என்று சொல்கிறோம். வண்டிக்கு அதைத் திருப்பிச் சொல்லணும், அடிவாரத்திலேயே நிறுத்து.

ஒன்று: சீசனிலும் வார இறுதியிலும் வெளியூர்க் கார்களுக்கு அடிவாரத்தில் நிறுத்துமிடம், அங்கிருந்து கால் மணிக்கு ஒரு பஸ். நிறுத்தும் கட்டணம் பஸ் செலவுக்கே போகணும்.

இரண்டு: மலைக் கிராமங்களுக்கு மினி பஸ். தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் குறைந்தது 65 விழுக்காடு இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்கணும். மலைக் கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை.

மூன்று: விடியற்காலையில் விளைபொருளோடு இறங்கும் பஸ். 1999-இல் உழவர் சந்தை தொடங்கியபோது, சந்தைக்கு வரும் உழவர் சுமைக்கு அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை என்ற வசதி சேர்ந்தே வந்தது. அஸ்தம்பட்டி உழவர் சந்தை ஏற்காடு சாலைக்குப் பக்கம்தான். மகளிர் சுய உதவிக் குழுவினர் அடையாள அட்டை காட்டி 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரம் வரை கட்டணமின்றி ஏற்றலாம் என்ற வசதியும் 2025-இல் வந்திருக்கிறது. குழுவில் உள்ள நம்ம வீட்டுப் பெண்கள் இந்த அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள்.

நான்கு: ஏரியைச் சுற்றி நடக்க நடைபாதை. கடை, பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாப் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும்படி அனுமதி கொடுப்பது. மலைப்பகுதியில் கட்டடத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைத் தளர்த்தாமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

பஸ் கேட்கும்போது நல்ல பஸ்ஸாகக் கேட்கணும். 2024 ஏப்ரல் 30 அன்று மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போயின. பிரேக் பார்க்காத, அளவுக்கு மேல் ஏற்றுகிற பஸ் நமக்கு வேண்டாம்.

எங்கே போய்ச் சொல்வது?

கிராம சபையில்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. போவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதுங்கள்: நம்ம ஊரிலிருந்து தினம் எத்தனை பேர் இறங்குகிறார்கள், எந்த நேரம், எத்தனை கிலோ சுமை, வாடகை வண்டிக்கு என்ன செலவு. 'பஸ் விடுங்க' என்று வாயால் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். கணக்கோடு தீர்மானம் போட்டு, அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்பினால் பதில் சொல்லியே ஆகணும். நாலு ஊர் சேர்ந்து ஒரே தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது. ஒரு ஊருக்கு ஓடாத பஸ், நாலு ஊருக்கு ஓடும்.