சம்பளம் ரூ.18,000, வீட்டில் கைக்குழந்தை: ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கும் முன் இதைப் பாருங்க!

காஞ்சிபுரம் மாவட்டம் புள்ளலூரில் ஒரு இளம் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, மாதம் 18,000 ரூபாய். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்றரை வயதில் ஒரு குழந்தை, அடுத்த குழந்தைக்கும் யோசனை இருக்கிறது. கூடவே கணவரின் அப்பா, அம்மா. அப்பாவுக்கு சுகர்.

இந்த வீட்டுக்கு ஒரு போன் வருகிறது. "சார், மாசம் ஆயிரம் ரூபா கட்டினா போதும், அஞ்சு லட்சம் கவர்."

எடுக்கலாமா? எடுக்கலாம். ஆனால் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுக்கணும்.

முதல்ல சம்பள ஸ்லிப்பை எடுங்க

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். 18,000 சம்பளத்துக்கு நம் பங்கு வெறும் 135 ரூபாய். இந்தப் பிடித்தம் ஸ்லிப்பில் இருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, மனைவி, குழந்தை, உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. சுகர், பிரஷர் முன்பே இருந்ததா என்ற கேள்வியே இங்கே கிடையாது. பெரிய ஸ்பெஷாலிட்டி சிகிச்சைகளுக்கு மட்டும் எவ்வளவு காலம் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள்.

பலர் கோட்டை விடுவது ஒரு சின்ன விஷயத்தில்தான். வேலைக்குச் சேரும்போது கல்யாணம் ஆகியிருக்காது. அதன்பிறகு மனைவி பெயரையோ குழந்தை பெயரையோ இஎஸ்ஐ பதிவில் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். இன்றைக்கே ஹெச்.ஆரிடம் கேட்டு விடுங்க.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அன்றைக்கே கவர் போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு சந்தா காலங்கள் இருக்கின்றன. நடுவில் சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும், கவரும் இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கான்ட்ராக்ட் முடிந்து வேலை போனாலும் அதே கதிதான். இன்கிரிமென்ட் வந்த சந்தோஷத்தில் கவர் போனதை யாரும் கவனிப்பதில்லை.

முதல்வர் காப்பீடு யாருக்கு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கவர். பிரீமியம் அரசே கட்டுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும், அதாவது மாதம் 10,000. நம்ம புள்ளலூர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,16,000 வருகிறது, அதனால் இதில் சேர முடியாது.

வரம்புக்குள் வருகிறவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகலாம். ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர்கள்தான் குடும்பம் என்பதால் குழந்தை பெயரைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீங்க. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே இது செல்லும்.

பிரைவேட் பாலிசியில் மாட்டுவது எங்கே?

காத்திருப்புக் காலத்தில். பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. முன்பே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்கணும். இது முன்பு 48 மாதமாக இருந்தது, 2024 ஏப்ரலில்தான் குறைந்தது. பிரசவ கவருக்குப் பாலிசியைப் பொறுத்து ஒன்பது மாதமோ சில வருடமோ ஆகும். கர்ப்பம் உறுதியான பிறகு எடுக்கும் பாலிசி அந்தப் பிரசவத்துக்கு உதவாது.

பிரசவ கவருக்காக அதிக பிரீமியம் கட்டுவதை விட அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது இந்த வருமானத்துக்குச் சரி என்பது நம் கருத்து. நிஜமாகப் பயப்பட வேண்டியது குறைமாதக் குழந்தை தனியார் ஆஸ்பத்திரி இன்குபேட்டரில் இருக்கும் செலவுக்குத்தான். பல பாலிசிகளில் குழந்தைக்கு 90 நாள் ஆன பிறகே சேர்ப்பார்கள். "பிறந்த நாளிலிருந்தே கவர் உண்டா?" என்று கேளுங்க, பதிலை பாலிசி பேப்பரில் காட்டச் சொல்லுங்க.

அடுத்தது ரூம் வாடகை. 3 லட்சம் கவரில் ரூம் வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் தங்கினால் வாடகையில் மட்டும் வெட்டு விழாது. பல பாலிசிகளில் டாக்டர் பீஸ், ஆபரேஷன் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகும். அந்தக் கட்டணங்கள் 80,000 என்றால் 40,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து! மருந்துச் செலவில் இப்படி வெட்டக் கூடாது என்பது விதி.

படித்துப் புரியவில்லை என்றால் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியைக் கேளுங்க. 2020 ஏப்ரலில் வந்த இந்தப் பாலிசிக்கு எல்லா கம்பெனியிலும் ஒரே விதிமுறைதான், பிரீமியம் மட்டுமே மாறும். ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதம் நாம் போடணும். பிரசவம் இதில் வராது.

அப்பாவை அதே பாலிசியில் சேர்க்கலாமா?

வேண்டாம். ஃபேமிலி ஃப்ளோட்டரில் ஒரே தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். வீட்டில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரீமியம் போடுவார்கள். அப்பாவைச் சேர்த்தால் மொத்தமும் ஏறும். அவர் ஒரு தடவை அட்மிட் ஆனாலே குழந்தைக்கான தொகை காலி. பெற்றோருக்குத் தனிப் பாலிசி பாருங்க, சுகர் இருப்பதை மறைக்காதீங்க. "எழுத வேண்டாம் சார், பாத்துக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் வேறு ஏஜென்ட்டைத் தேடுங்க. கிளைம் நிராகரிக்கப்படும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

எவ்வளவு தொகைக்கு?

ஒரு கோடி கவர் என்ற விளம்பரத்தை விட்டுவிடுங்க. வருஷா வருஷம் விடாமல் கட்ட முடிகிற தொகையா என்று மட்டும் பாருங்க. பாலிசி காலாவதியாகி, கூடுதல் அவகாசமும் தாண்டிவிட்டால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. வரி சேர்த்துச் சொன்னால் கணக்குக் கேளுங்க. உங்கள் வீட்டிலிருந்து ராத்திரி ஒரு மணிக்குப் போகக்கூடிய ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துடுங்க.

பாலிசி கைக்கு வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கிளைமில் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஐஆர்டிஏஐ-யின் இலவச எண் 155255.