வாசலில் ஒரு பலகை

சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் போகிறவர்களுக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதென்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியை இழுத்து மூடுவார். குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மா முந்தானையால் அதன் முகத்தைப் பொத்துவார். கொஞ்ச நேரத்தில் பஸ் கடந்துவிடும். குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், சோனஞ்சாவடி மக்களால் அப்படிக் கடந்து போக முடியாது. அவர்கள் வீடே அங்கேதான்.

வாயு கசிந்த நாளில் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடி, "நாத்தம் அடிச்சுது, தலை சுத்துது" என்கிறார்கள். மருத்துவருக்குத் தெரிய வேண்டியது அதன் பெயர். குளோரினா, அமோனியாவா, ஹைட்ரஜன் சல்ஃபைடா? குளோரினை அதிகம் சுவாசித்தவர் அப்போதைக்கு நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். பெயர் தெரிந்தால்தான் வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்க வைத்துப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வது உங்கள் சட்டப்படியான உரிமை.

1984 போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயமே சேர்த்தார்கள். ஆபத்தான பொருளைக் கையாளும் நிர்வாகம் அதனால் என்ன கேடு வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றது அது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் 2020-ம் ஆண்டுத் தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. 2003-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. ஆலையில் என்னென்ன ரசாயனம், எவ்வளவு, என்ன கழிவு வெளியேறுகிறது என்பதை வாசலுக்கு வெளியே பலகையில் எழுதி வைக்கச் சொன்னது.

அப்படி ஒரு பலகை முன்னால் நின்று படித்திருக்கிறேன். லாரிப் புழுதி அப்பியிருந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலம். அளவு எழுத வேண்டிய கட்டத்தில் பழைய எண் பாதி அழிந்திருந்தது, தேதிக் கட்டம் காலி. எதிரே டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் கேட்டேன், "இதுல என்ன போட்டிருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா அக்கா?" அவர் சொன்னார், "அது கம்பெனிக்காரங்க போர்டு தம்பி. நமக்கு எதுக்கு?" அது அவருக்காகவே வைத்த பலகை என்பதை இத்தனை வருஷமாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

பெரிய ஆலைகளுக்கு ஆபத்தான ரசாயனங்கள் குறித்த 1989-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. குளோரின் 10 டன், அமோனியா 60 டன் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு. அதைத் தொட்டால் நிர்வாகம் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும், சுற்றியுள்ள மக்களுக்கு விவரம் தர வேண்டும். ஆலைக்கு வெளியே உள்ள ஊருக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கும் ஆண்டுக்கொரு ஒத்திகை உண்டு. 2021 மே 13 அன்று இதே சிப்காட்டில் கிரிம்சன் ஆர்கானிக்ஸ் பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் நான்கு உயிர்கள் போயின. 2025 மே மாதத்தில் ஜவுளி ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து குடிகாட்டு வீடுகளுக்குள் தண்ணீர் பாய்ந்தது. ரசாயன ஆலை என்று பெயர் இருந்தால்தான் ஆபத்து என்பதில்லை.

கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனிகளைப் பாருங்கள். மீனுக்கு ஐஸ் கட்ட அமோனியா வேண்டும். 60 டன் கணக்குக்குள் அவை பெரும்பாலும் வராது. அதற்காகப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாது. குழாயும் வால்வும் பழுதில்லாமல் இருக்க வேண்டும், முகக்கவசமும் கண் கழுவத் தண்ணீரும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அமோனியா கசிந்தால் காற்று அடிக்கும் திசையிலேயே ஓடாதீர்கள்; அதற்குக் குறுக்கே விலகிப் போங்கள். அது தண்ணீரில் கரையும், ஈரத்துணியை மூக்கில் கட்டுவது கைகொடுக்கும். குளோரின் கனமானது, பள்ளத்தில் தங்கும். அதற்கு மேட்டுக்கோ மாடிக்கோ ஏற வேண்டும்.

கேட்கும் உரிமை ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கும் உண்டு. 2020 செப்டம்பரில் காட்டுமன்னார்கோவில் அருகே குருங்குடி வெடி ஆலை வெடித்து மாண்டவர்களில் பெண்களே அதிகம். கூலிக்குப் போகிற இடத்தில் எத்தனை கிலோ மருந்து வைக்க உரிமம், ஒரு அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்பதில் தவறே இல்லை.

எங்கள் அண்ணாமலை நகரைச் சுற்றி எல்லாம் நெல் வயல். இங்கே 'மருந்து' என்றால் பூச்சிமருந்துதான். டப்பாவில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பென்றால் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். கடைக்காரர் உரிமம் வைத்திருக்க வேண்டும், ரசீது தர வேண்டும், பிரித்துச் சில்லறையாக ஊற்றித் தரக் கூடாது. வாட்டர் பாட்டிலில் ஊற்றி வாங்கிய மருந்தை யாரோ தண்ணீரென்று குடித்துவிட்டால், வார்டில் மருத்துவர் முதலில் கேட்பது டப்பாவைத்தான். ஆர்கனோபாஸ்பரஸ் வகை என்றால் அட்ரோபின் ஊசி இருக்கிறது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. லேபிள் இல்லாவிட்டால் எது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். அரை லிட்டர் மலிவாகக் கிடைக்கிறதென்று லேபிளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு ஆலைக்குக் கொடுத்த இசைவாணையையும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் உள்ள ஒத்திகை விவரங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில். விபத்தில் பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்கள் 1991-ம் ஆண்டுப் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி கலெக்டரிடம் நிவாரணம் கோரலாம். யார்மீது தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ அல்லது தொழிலாளர் இழப்பீடு என்று தனி வழி. சுற்றுச்சூழலும் சேர்ந்து கெட்டிருந்தால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. எங்கே போனாலும் ஆஸ்பத்திரிச் சீட்டு பேசும். அதைப் பத்திரமாக வையுங்கள், "சுவாசித்த வாயு" என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2004 முதல் இந்தச் சிப்காட் கிராமத்து மக்களே கண்காணிப்பாளர்களாகி, பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் அல்ல. அழுகிய முட்டை, நகப்பூச்சு என்று நாற்றத்தை அடையாளம் காணப் பழகினார்கள். வாளி எல்லோரிடமும் இருக்காது, நோட்டு இருக்கும். நாற்றம் வந்த தேதி, மணி, காற்று வந்த திசை, எந்தப் பொருளின் வாடைபோல் இருந்தது, யாருக்கு என்ன ஆனது என்று அன்றன்றே ஒரு வரி எழுதி வையுங்கள். அதன் நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.