முதல் தடவையாக கடைசி இடம்: 2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு என்ன ஆச்சு? ஓசூர் ரசிகர்களை விடாத கேள்வி

ஓசூர்:

5 முறை கோப்பையை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, 2025-ம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டியில் 10 அணிகளில் 10-வது இடம் பிடித்தது. ஆடியது 14 ஆட்டம். வென்றது 4, தோற்றது 10. புள்ளி வெறும் 8. ஐ.பி.எல். தொடங்கிய 2008-ல் இருந்து சென்னை அணி கடைசி இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அதே ஆண்டில்தான் பெங்களூர் அணி 18-வது முயற்சியில் முதல் கோப்பையைத் தூக்கியது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இவை இரண்டும் தனித்தனி செய்தி. ஓசூர்க்காரர்களுக்கு ஒரே செய்தி.

காரணம், ஊர் இருக்கிற இடம். சேப்பாக்கம் மைதானம் இங்கிருந்து 300 கி.மீ.க்கு மேல். பெங்களூர் சின்னசாமி மைதானம் சுமார் 40 கி.மீ.தான். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா வந்துவிடும். சிப்காட் கம்பெனிகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் ஒரே ஷிப்டில் பக்கத்து பக்கத்து மெஷினில் நிற்கிறார்கள். ராத்திரி சென்னை தோற்றால் காலையில் கேன்டீனில் இட்லியோடு சேர்த்து கிண்டலையும் சாப்பிட வேண்டியதுதான். சென்னையில் இருக்கிற ரசிகருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சேப்பாக்கத்தில் சறுக்கல்

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. 2025 மார்ச் 23-ந்தேதி சேப்பாக்கத்தில் மும்பையை சென்னை 4 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஆப்கானிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார்.

அடுத்த ஆட்டத்திலேயே அடி விழுந்தது. மார்ச் 28-ந்தேதி அதே சேப்பாக்கத்தில் பெங்களூர் அணி 50 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையை பெங்களூர் ஜெயித்ததே இல்லை. 17 வருஷ கணக்கு ஒரே ராத்திரியில் தீர்ந்தது. அன்று டோனி 9-வது ஆளாக ஆட வந்தார். வந்து 16 பந்தில் 30 ரன் அடித்தார் என்பது வேறு விஷயம். அவர் வரும்போதே ஆட்டம் கை நழுவி விட்டது.

பிறகு கவுகாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ரன்னில் தோல்வி. முல்லன்பூரில் பஞ்சாப்பிடம் 18 ரன்னில் தோல்வி. ஏப்ரல் 11-ந்தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவிடம் வாங்கியது உதை. 20 ஓவர் ஆடி 9 விக்கெட்டுக்கு 103 ரன். அதை கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டது. தொடர்ச்சியாக 5 தோல்வி என்பது சென்னை அணி அதுவரை கண்டிராதது.

சேப்பாக்கம் என்றால் பந்து சுழலும், வெளியூர் அணி திணறும், நாம ஜெயிப்போம். இதுதான் பல வருஷமாக எல்லோரும் நம்பியது. ஆனால் சேப்பாக்கத்தில் தங்களுக்கு சொந்த மண் சாதகம் எதுவும் இல்லை என்று பயிற்சியாளர் பிளமிங்கே சொன்னார். பிட்சை முன்கூட்டி கணிக்க முடியவில்லை என்பது அவர் வாதம். இந்தப் பிட்சை நம்பித்தானே அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கும், நூர் அகமதை 10 கோடிக்கும் எடுத்தார்கள்? நூர் 24 விக்கெட் எடுத்து காசுக்கு வேலை காட்டினார். அஸ்வின் 9 ஆட்டத்தில் 7 விக்கெட். அந்த சீசனில் சேப்பாக்கத்தில் நடந்த 6 ஆட்டத்தில் சென்னை ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஐதராபாத் அணி கூட அங்கே முதல் தடவையாக வென்றுவிட்டுப் போனது.

கேப்டனுக்கு முழங்கை காயம்

கவுகாத்தி ஆட்டத்தில் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட்டின் முழங்கையில் பந்து பட்டது. வலியோடு அடுத்த 2 ஆட்டம் ஆடினார். பிறகு எலும்பு முறிவு என்று தெரிந்து ஏப்ரல் 10-ந்தேதி தொடரில் இருந்தே விலகினார். 43 வயது டோனி மறுபடி கேப்டன் ஆனார். ஏப்ரல் 14-ந்தேதி லக்னோவில் 11 பந்தில் 26 ரன் அடித்து ஜெயிக்க வைத்து ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். ஊரெல்லாம் விசில் சத்தம். ஆனால் மூட்டு வலியால் 10 ஓவர் முழுசாக ஓடி ஆட டோனியால் முடியாது என்று பிளமிங் முன்பே சொல்லி இருந்தார். ஆக, கடைசி 3 ஓவருக்கு ஒருவர், மீதி 17 ஓவருக்கு யார் என்ற கேள்விக்கு அணியிடம் பதில் இல்லை.

உண்மையான ஓட்டை அங்கேதான். மற்ற அணிகள் முதல் 6 ஓவரிலேயே வெளுத்து வாங்கின. பஞ்சாப்பின் பிரியான்ஷ் ஆர்யா 39 பந்தில் சதம் அடித்தது இதே சென்னைக்கு எதிராகத்தான். சென்னை வீரர்களோ ஒருநாள் போட்டி மாதிரி ஆடினார்கள். டெல்லிக்கு எதிராக 184 ரன் இலக்கு. விஜய் சங்கர் 54 பந்து ஆடி 69 ரன். கடைசி வரை அவுட் ஆகவில்லை, ஆனாலும் தோல்வி. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீசன் முழுக்க சென்னை அணியில் அதிக ரன் எடுத்தவர் சிவம் துபே, 357 ரன். அதே சீசனில் குஜராத்துக்கு ஆடிய சென்னைப் பையன் சாய் சுதர்சன் 759 ரன் குவித்து ஆரஞ்சு தொப்பியைத் தட்டிச் சென்றார். நம்ம ஊர்ப் பிள்ளைகள் அடுத்த ஊருக்கு அடிக்கிறார்கள் என்று இங்குள்ளவர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கு.

ஏப்ரல் 30-ந்தேதி சேப்பாக்கத்தில் பஞ்சாப்பிடம் தோற்றதும் பிளே ஆப் கனவு முடிந்தது. அந்த சீசனில் முதலில் வெளியேறிய அணி சென்னைதான்.

அதே மைதானம், அதே பவுலர்

ஓசூர் ரசிகர்களுக்கு ரொம்ப வலித்தது மே 3-ந்தேதி ஆட்டம். பெங்களூரில், 40 கி.மீ. பக்கத்தில். பெங்களூர் 213 ரன் எடுத்தது. ரொமாரியோ ஷெப்பர்டு 14 பந்தில் 53 ரன் அடித்தார். கலீல் அகமது வீசிய ஒரே ஓவரில் 33 ரன். பதிலுக்கு 17 வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 ரன் விளாசினார். ஜடேஜா 77 ரன்னுடன் நின்றார். கடைசி ஓவரில் 15 ரன் வேண்டும். பந்து வீச வந்தவர் யாஷ் தயாள். டோனி எல்.பி.டபிள்யூ. 2 ரன்னில் தோல்வி.

இதைப் பார்த்தவர்களுக்கு 2024 மே 18-ந்தேதி ஞாபகம் வராமல் இருக்காது. அதே மைதானம். அதே யாஷ் தயாள். பிளே ஆப் போக கடைசி ஓவரில் 17 ரன் தேவை. டோனி ஒரு சிக்சர் அடித்துவிட்டு அடுத்த பந்தில் அவுட். சென்னை வெளியே, பெங்களூர் உள்ளே. தொடர்ந்து 2 ஆண்டு பிளே ஆப் போகாததும் சென்னைக்கு புதுசு. 2020-ல் தவறவிட்டு 2021-ல் கோப்பையே வாங்கியது. 2022-ல் 9-வது இடம், 2023-ல் மறுபடி கோப்பை. விழுந்தால் அடுத்த வருஷம் எழும் என்ற நம்பிக்கை 2025-ல் உடைந்தது.

83 ரன்னில் ஜெயித்தும் ஏன் கடைசி?

மே 25-ந்தேதி அகமதாபாத்தில் கடைசி ஆட்டம். குஜராத்தை சென்னை 83 ரன் வித்தியாசத்தில் நொறுக்கியது. ராஜஸ்தான் அணிக்கும் 8 புள்ளிதான். அப்புறம் ஏன் சென்னை கடைசி என்று பலருக்கும் குழப்பம். அதற்குக் காரணம் ரன் ரேட்.

ஒரு ஓவருக்கு நாம எடுத்த ரன்னில் இருந்து, ஒரு ஓவருக்கு எதிரணி எடுத்த ரன்னைக் கழிக்க வேண்டும். குஜராத் ஆட்டத்தில் சென்னை 230, ஓவருக்கு 11.50. குஜராத் 147-ல் ஆல் அவுட். ஆல் அவுட் ஆனால் 20 ஓவரும் ஆடியதாகவே கணக்கு, எனவே 7.35. லாபம் 4.15. கொல்கத்தாவிடம் தோற்ற அன்று சென்னை ஓவருக்கு 5.15, கொல்கத்தா 10.52. நஷ்டம் 5.37. அந்த ஒரு நாள் அடித்த அடியை 83 ரன் வெற்றியாலும் ஈடுகட்ட முடியவில்லை. சம்பளம் வந்தும் கந்து வட்டியை அடைக்க முடியாத கதைதான்.

பெங்களூரில் பறிபோன உயிர்கள்

ஜூன் 3-ந்தேதி அகமதாபாத்தில் பஞ்சாப்பை 6 ரன்னில் வென்று பெங்களூர் கோப்பையை வாங்கியது. மறுநாள் சின்னசாமி மைதானத்தில் நடந்த வெற்றி விழாவில் கூட்ட நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிற ஓசூருக்கு அது வெளியூர்ச் செய்தி இல்லை. அதற்கு முதல் நாள் வரை பேசிய மஞ்சள், சிவப்பு கிண்டல் எல்லாம் அன்று நின்று போனது.

அதன் பிறகு சென்னை அணியில் பெரிய மாற்றம் நடந்தது. ஆகஸ்டு 27-ந்தேதி அஸ்வின் ஐ.பி.எல்.லில் இருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2012-ல் சென்னைக்கு வந்து, 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி 2 பந்தில் சிக்சரும் பவுண்டரியும் அடித்து கோப்பையைத் தந்த ஜடேஜாவை அனுப்பியதை இங்கே இன்னும் பலர் ஏற்கவில்லை. டிசம்பர் 16-ந்தேதி அபுதாபி ஏலத்தில், இந்திய அணிக்கே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை தலா 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது சென்னை. வயசான அணி என்று பேர் வாங்கிய சென்னை, 17 வயது மாத்ரே பெங்களூரில் அடித்த அந்த 94 ரன்னுக்குப் பிறகுதான் ரூட்டை மாற்றியது.