கையடக்கமான ஒரு சோதனைக் கருவி

'பிளிப்பர் ஜீரோ' என்னும் கருவியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? பார்வைக்கு இது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைப் போன்றது. எடை ஏறக்குறைய 100 கிராம், 1.4 அங்குலத் திரையில் ஒரு டால்பின் துள்ளி விளையாடும். 2020-ஆம் ஆண்டில் 'கிக்ஸ்டார்ட்டர்' வழியாகப் பொதுமக்களே 48 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் அளித்து இதனை உருவாக்கத் துணை நின்றனர்.

இதன் பணி யாது? நம்மைச் சுற்றிலும் கண்ணுக்குப் புலனாகாத சமிக்ஞைகள் பல உலவுகின்றன. தொலைக்காட்சி ரிமோட் அகச்சிவப்புக் கதிரால் பேசுகிறது; அலுவலகக் கதவைத் திறக்கும் அட்டை ரேடியோ அலையால் பேசுகிறது. இவற்றைக் கேட்டு, பதிந்து, திரும்பச் சொல்வதே இக்கருவியின் வேலை.

125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய அட்டைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் மின்கலம் இல்லை. கதவருகே உள்ள கருவியின் காந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் பெற்று, தம் எண்ணை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றன. ஆகவே அந்த எண்ணைப் படித்துப் போலி செய்வது எளிது. புதிய கார்ச் சாவிகளோ அப்படியல்ல. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் புதிய குறியீட்டை அனுப்புகின்றன. பயன்பட்ட குறியீட்டைக் கார் மீண்டும் ஏற்பதில்லை. எனவே அதைப் பதிந்து வைத்துத் திரும்ப ஒலிபரப்பினாலும் கதவு திறவாது.

2024 பிப்ரவரியில், கார்த் திருட்டு பெருகியதைக் கண்ட கனடா அரசு இத்தகைய கருவிகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. இதனைக் கொண்டு புதிய கார்களைத் திருட இயலாது என்று தயாரிப்பாளர்கள் மறுத்தனர். மார்ச் மாதத்தில் அரசும், முறையான பணிகளுக்குப் பயன்படுத்துவோரைத் தடுப்பது தன் நோக்கமன்று என்று விளக்கியது.

கருவியைத் தடுத்துவிட்டால் பலவீனமான பூட்டு பலமாகிவிடுமா? ஆகாது. பூட்டின் குறையைத் திருடனுக்கு முன்பே நல்லவர் ஒருவர் கண்டுபிடித்தால்தான் அதைத் திருத்த முடியும். நிறுவனங்கள் சோதனையாளர்களை அமர்த்துவதும் இதற்காகவே. ஆனால் அவர்களும் உரிமையாளரின் அனுமதி பெற்ற பின்னரே சோதிக்கின்றனர். அனுமதியின்றிப் பிறர் கதவைத் திறப்பவர், எந்தக் கருவியால் திறந்தாலும் குற்றவாளியே.

காய் நறுக்கும் கத்தி கையையும் வெட்டும். அதற்காக அடுக்களையில் கத்தியே வேண்டாம் என்போமா? கவனமாகப் பிடிக்கக் கற்றுக்கொள்வோம். விஞ்ஞானக் கருவிகளையும் அவ்வாறே அறிந்து, நேர்மையுடன் பயன்படுத்துவோமாக!