பழைய ஹுவேயின் நண்பர்கள்

நம் ஊர்களில் ஒரு சங்கம் பிறப்பதற்கு அதிகச் சாமான்கள் வேண்டியதில்லை. ஒரு ரசீதுப் புஸ்தகமும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தால் போதும். அக்கிராசனர் தாமே வந்து சேர்ந்துவிடுவார். இதை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் அப்படிப் பிறந்த ஒரு சரித்திர ஆராய்ச்சிச் சங்கத்துக்குக் காரியதரிசியாக இருந்தவன்தான். சுற்று வட்டாரத்துக் கல்வெட்டுக்களையும் ஏடுகளையும் தேடிப் பிரசுரிப்பது என்று தீர்மானம் செய்தோம். இரண்டு இதழ்கள் வெளிவந்தன. மூன்றாவது இதழின் முதல் பதினாறு பக்கங்கள் இன்றும் என் வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கட்டுரை தருவதாகச் சொன்னவர்கள் தரவில்லை. சந்தா தருவதாகச் சொன்னவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகையால், வியட்நாம் தேசத்தில் ஹுவே என்ற சிறிய நகரத்தில் இருந்த ஒரு சங்கம் 1914 முதல் 1944 வரையில் முப்பத்தோரு வருஷ காலம் விடாமல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையை நடத்திற்று என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை, பரணில் கட்டு வைத்திருக்கும் வாசகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அந்தச் சங்கத்தின் பெயர் 'பழைய ஹுவேயின் நண்பர்கள்'. பெயரில் அடக்கம் இருந்தது. வேலையில் இருந்த பேராசை அதைப் போல் நூறு மடங்கு.

ஹுவே, 1802 முதல் 1945 வரையில் நுயென் வம்சத்து அரசர்களின் தலைநகரம். வாசனை ஆறு என்று பொருள்படும் பெயருடைய நதியின் கரையில், கோட்டைக்குள் கோட்டையாக அரண்மனைகளைக் கட்டி அவர்கள் வாழ்ந்தார்கள். நகரத்துக்கு வெளியே, பைன் மரங்கள் அடர்ந்த குன்றுகளுக்கிடையில் அவர்களுடைய சமாதிகள் இருக்கின்றன. 1885-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பிரெஞ்சுப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. அன்று அரண்மனையில் நடந்த கொள்ளையும் எரிந்துபோன நூல்களும் அந்நகரத்து மக்கள் நெஞ்சில் ஆறாத புண். அதற்கு இருபத்தெட்டு வருஷங்கள் கழித்து, 1913 நவம்பரில், அதே பிரெஞ்சு ஆட்சியின் உத்தியோகஸ்தர்களும் பாதிரிமார்களும் சில வியட்நாமியப் பிரபுக்களும் ஒன்றுகூடி, ஹுவேயையும் அதன் சுற்றுப்புறங்களையும் பற்றிய பழைய நினைவுகளைத் தேடிக் காத்துப் பின்னோருக்குக் கொடுப்பதற்கென்று சங்கம் அமைத்தார்கள். கொள்ளையடித்த கையே காவலுக்கும் வந்து நின்றது என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்வது நியாயமே. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

சங்கத்தின் உயிராக விளங்கியவர் லெயோபோல் கதியேர் என்ற பாதிரியார். 1869-இல் தென் பிரான்ஸில் பிறந்தவர். 1892-இல், இருபத்து மூன்றாம் வயதில், வியட்நாமுக்கு வந்து சேர்ந்தார். மதத்தைப் பரப்ப வந்தவர், வந்த இடத்து மக்களின் பேச்சில் மயங்கிவிட்டார். வட அன்னாம் பிரதேசத்து வழக்குமொழியின் ஒலிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1902-லேயே வெளிவந்தது. மரத்தில் உறையும் தெய்வத்துக்கும், கல்லில் உறையும் தெய்வத்துக்கும், குலத்து முன்னோர்களுக்கும் குடியானவர்கள் செய்யும் வழிபாடுகளைப் பரிகசிக்காமல், பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். இன்றும் வியட்நாமிய மக்களின் சமய நம்பிக்கைகளைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் அவருடைய கட்டுரைகளைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அவர் பத்திரிகையின் ஆசிரியர் என்றேனே, அது எப்படிப்பட்ட ஆசிரியப் பதவி என்பதைக் கவனியுங்கள். 1918 முதல் அவர் வசித்தது ஹுவேயில் அல்ல. வடக்கே குவாங் திரி மாகாணத்தில், கடற்கரையை அடுத்த தி லோவான் என்ற கிராமத்தில். ஞாயிறுதோறும் பூசை, கிராமத்தாரின் வழக்குகள், நோயாளிகள், இவற்றுக்கிடையில் கட்டுரைகளைத் திருத்தவேண்டும். சங்கம் இருந்தது ஹுவேயில். பத்திரிகை பெரும்பாலும் அச்சானதோ இன்னும் வடக்கே ஹானோயில். ஹானோயையும் ஸைகோனையும் இணைக்கும் ரயில் பாதை முழுவதும் பூர்த்தியானது 1936-இல்தான். கைப்பிரதியும் திருத்தப் பிரதியும் எத்தனை முறை இந்தத் தூரங்களைக் கடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் சங்கத்து அச்சாபீஸ் அடுத்த தெருவில் இருந்தது.

நடைமுறையில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அங்கத்தினர்கள் சந்தா செலுத்துவார்கள். கூட்டம் கூடி, எழுதிக் கொண்டுவந்த கட்டுரைகளை வாசிப்பார்கள். வாசித்தது மூன்று மாதத்துக்கொரு இதழில் அச்சேறும். ஆனால் என்ன எழுதுவது என்பதில்தான் கதியேரின் சாமர்த்தியம் தெரிகிறது. அங்கத்தினர்களில் வித்வான்கள் மிகக் குறைவு. வைத்தியர், இஞ்சினீர், பட்டாளத்துக்காரர், சுங்க அதிகாரி, மாண்டரின் எனப்படும் அரண்மனை உத்தியோகஸ்தர் என்று பலதிறப்பட்டவர்கள். இவர்களிடம் பெரிய சரித்திரத்தைக் கேட்டால் வராது. உன் வீட்டு வாசலிலிருந்து தெரியும் பாலத்தைப் பற்றி எழுது, நீ தினம் கடந்துபோகும் கோட்டை வாயிலைப் பற்றி எழுது என்றால் வரும். அப்படித்தான் வந்தது. அரண்மனை முற்றத்தில் மின் மாங் அரசர் வார்ப்பித்து வைத்த ஒன்பது பெரிய வெண்கலக் கலசங்கள், மூன்று வருஷத்துக்கொரு முறை அரசரே வானத்துக்குச் செய்த நாம் யாவ் வேள்வி, அரசருக்கும் அதிகாரிகளுக்கும் உரிய படகுகள், பழைய பீரங்கிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டுரையாயின. ஸாலே என்ற பிரெஞ்சு வைத்தியர், பழைய துறைமுகமாகிய ஹோய் ஆன் நகரத்தைப் பற்றியும், கடற்பாறைகளில் உழவாரக் குருவிகள் கட்டும், சீனர்கள் விலை கொடுத்து வாங்கி உண்ணும் கூடுகளைப் பற்றியும் எழுதினார். படகுகளைப் பற்றிய கட்டுரை நுயென் தின் ஹோயே என்ற வியட்நாமியக் கல்விமானுடையது.

காலமும் நெருக்கியது. சீன எழுத்தில் பரீட்சை கொடுத்து உத்தியோகம் பெறும் பழைய முறை 1919-இல் ஹுவேயில் நடந்த கடைசிப் பரீட்சையோடு முடிந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகளால் தங்கள் பாட்டனார் வைத்துப்போன காகிதங்களைப் படிக்க முடியாது. சடங்குகளை நடத்தத் தெரிந்த கிழவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வந்தார்கள். அவர்கள் சொன்னதை எழுதி அச்சில் ஏற்றிய இடங்களில் இந்தச் சங்கம் முக்கியமான ஒன்று.

அதே 1919-இல் ஹுவே நகரத்துக் கலைகளைப் பற்றி ஒரு விசேஷ இதழ் வெளிவந்தது. நாகமும் பீனிக்ஸ் பறவையும் ஆமையும், கொடியும் பூவும் மரச்சிற்பத்திலும் பூத்தையலிலும் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக உருமாறுகின்றன என்பதைப் படம் படமாக அதில் காட்டியிருக்கிறார்கள். சங்கத்துக்காக இப்படிப்பட்ட சித்திரங்களை வரைந்துகொடுத்தவர்களில் ஒருவர் தோன் தாத் ஸா. 'தோன் தாத்' என்பது அரச குலத்தின் கிளைகளைச் சேர்ந்தவர்களுக்கு உரிய பெயர். முன்னோர்கள் கட்டிய மாளிகையை அளந்து கோடு கோடாகத் தாளில் இறக்கிய அந்த மனிதரின் மனநிலையைப் பற்றி எந்தக் கட்டுரையும் நமக்குச் சொல்வதில்லை.

சங்கத்தாருக்கு அரண்மனைக் கல்லூரியை ஒட்டிய 'புதிய நூல்நிலையம்' என்ற கட்டிடம் கிடைத்தது. அங்கே பழம்பொருள்கள் சேர்ந்தன. சேர்ந்தவற்றைக் கொண்டு 1923-இல் காய் தின் அரசரின் பெயரால் லோங் ஆன் மாளிகையில் ஒரு காட்சிசாலை ஏற்பட்டது. அந்தக் காட்சிசாலை, பெயர் மாறி, அதே மாளிகையில் இன்றும் நடக்கிறது. 1927-இல் அதற்குச் சம்பா நாட்டுச் சிற்பங்களுக்கென ஒரு பிரிவும் சேர்த்தார்கள்.

சம்பா என்றவுடன் நமக்குக் காது நிமிர்கிறது. ஹுவேக்குத் தெற்கே நெடுந்தூரம் ஆண்ட அந்நாட்டினர் சிவனுக்குக் கோயில் கட்டி, வடமொழியில் கல்வெட்டுப் பொறித்தவர்கள். தென் பகுதியில் கிடைத்த வோ கான் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீ மாரன்' என்ற பெயர் பாண்டியரின் 'மாறன்' என்ற பட்டத்தோடு தொடர்புடையது என்று ழான் பிலியோஸா என்ற அறிஞர் வாதித்தார். 1955-இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கியவரும் அவரே. அந்த ஊகத்தை ஒப்பாதவர்கள் பலர் உண்டு. எனக்கு அதை ஒப்புக்கொள்ள ஆசை. ஆசை ஆதாரமாகாது என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

இனிச் சங்கத்தின் மறு பக்கத்தையும் பார்க்கவேண்டும். அங்கத்தினரில் வியட்நாமியர் உண்டு, எழுதியவர்களிலும் உண்டு. ஆனால் பத்திரிகையின் பாஷை பிரெஞ்சு. அதில் எழுதிய ஸோன்யி என்பவர் அன்னாமின் ரகசியப் போலீஸ் தலைவராக உத்தியோகம் பார்த்தவர். பகலில் தேசபக்தர்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் இலாகாவின் தலைவர், மாலையில் அதே தேசத்தின் பழம்பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்! 1916-இல், இதே ஹுவே நகரத்தில், பதினாறு வயது நிரம்பாத துய் தான் அரசர் அரண்மனையை விட்டு வெளியேறிக் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்து, பிடிபட்டு, ரெயூனியன் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த வருஷமும் பத்திரிகை தவறாமல் வெளிவந்தது. அரசரின் படகுகளைப் பற்றிய கட்டுரை வந்தது அந்த வருஷத்தில்தான்.

படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களுக்கு இந்த இதழ்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்கள் வேறு வழியில் இறங்கினார்கள். நுயென் வான் தோ என்பவர் ஹானோயில் பிரெஞ்சுக்காரர் நடத்திய தூரகிழக்கு ஆராய்ச்சிக் கல்லூரியில் இளமையிலேயே வேலைக்குச் சேர்ந்து பெரும் புலமை பெற்றவர். பிரெஞ்சு எழுத்தில் பிரெஞ்சுக்காரர்களே அவரைக் கண்டு அஞ்சுவார்கள். உடையிலோ கடைசிவரை தலைப்பாகையும் நீண்ட அங்கியுந்தான். அவர் 1938-இல் தேசிய எழுத்தைப் பரப்பும் சங்கத்தின் தலைவரானார். வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் இந்த முறையைப் பதினேழாம் நூற்றாண்டில் உண்டாக்கியவர்கள் ஐரோப்பியப் பாதிரிகள். அதையே தேசத்தின் எழுத்தாக ஆக்கிக்கொண்டு, கூலிக்காரர்களுக்கும் வேலைக்காரிகளுக்கும் இரவுப் பள்ளிகளில் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். ஹோவாங் ஸுவான் ஹான் என்ற கணித நிபுணர் எளிதில் மனத்தில் பதியும்படி ஒரு பாலபாட முறையை அமைத்தார். 1945-இல் சுதந்தரப் பிரகடனம் ஆனபோது, ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள் என்று புதிய அரசாங்கம் கணக்கிட்டது. எழுத்தறிவு இயக்கத்தை அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சங்கத்தின் ஆசிரியர்களும் பாடமுறையும் தயாராக இருந்தார்கள்.

எந்தச் சங்கத்தை மெச்சுவது? எங்கள் ஆசிரியர் அறையில் இந்தக் கதையை நான் சொன்னபோது நண்பர்கள் எல்லாரும் ஒருமுகமாக நுயென் வான் தோவின் பக்கம் சாய்ந்தார்கள். நானும் அப்படியே. ஆனால் ஒரு சந்தேகம் போகவில்லை. எழுத்துக் கற்றுக்கொண்ட பிள்ளை பிற்பாடு எதைப் படிப்பான்? யாராவது ஒருவர் பாட்டனாரின் பேச்சைக் குறித்து வைத்திருந்தால் அல்லவா?

யுத்தம் இரண்டு பேரையும் விடவில்லை. 1944 இதழ்களோடு ஹுவே பத்திரிகை நின்றது. 1945 ஆகஸ்டில் கடைசி அரசர் பாவ் தாய் அரண்மனை வாயிலில் முடி துறந்தார். நுயென் வான் தோ புதிய அரசாங்கத்தில் மந்திரியாகவும், பின்பு தேசிய சபையின் நிலைக்குழுத் தலைவராகவும் இருந்தார். 1947 அக்டோபரில், பாக் கான் பிரதேசத்தில் விமானத்திலிருந்து குதித்த பிரெஞ்சுப் படையினர் அவரைக் கொன்றார்கள். பிரெஞ்சுக் கல்லூரியில் பல வருஷம் உழைத்தவர் என்பது துப்பாக்கிக்குத் தெரியாது. கதியேரையோ 1946 டிசம்பரில் வியட் மின் படையினர் பிடித்து வின் நகரத்தில் காவலில் வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. 1953 ஜூனில்தான் விடுதலை. கப்பல் ஏறிச் சொந்த ஊருக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ஹுவேக்கே திரும்பி வந்து, 1955 ஜூலையில் அங்கேயே காலமானார்.

பிற்பாடு நடந்த போர்களில், குறிப்பாக 1947-லும் 1968-லும், அரண்மனைக் கட்டிடங்கள் பல தரைமட்டமாயின. 1993-இல் ஹுவே உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டது. புதுப்பிக்க வந்தவர்களுக்கு, இருந்த கட்டிடம் எப்படி இருந்தது என்று அறிய உதவியவற்றில் அந்தப் பழைய இதழ்களும் அவற்றின் சித்திரங்களும் உண்டு.

1997 முதல் ஹுவேயில் உள்ள துவான் ஹோவா பதிப்பகத்தார் அந்த இதழ்களை வருஷ வாரியாக வியட்நாமிய மொழியில் பெயர்த்து, கெட்டி அட்டையிட்ட தொகுதிகளாக வெளியிட்டார்கள். கிழட்டு மாண்டரின்கள் தங்கள் பாஷையில் சொல்லி, பிரெஞ்சில் அச்சான சங்கதிகளை, அவர்களுடைய கொள்ளுப்பேரன்மார் பிரெஞ்சிலிருந்து திருப்பிக்கொண்டு, இரவுப் பள்ளிகளில் பரவிய அந்த எழுத்திலே வாசிக்கிறார்கள்.